குஞ்சு பொரித்த சுவர்

1911ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், காரைக்குடி கடைவீதியில் உடையப்பச் செட்டியாரின் பீங்கான் கடைச் சுவர் பதினேழு கோழிக்குஞ்சுகளைப் பொரித்தது. கடை செட்டியாருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், கட்டியது, வயது ஐம்பது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் உள்சுவரைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சீமைச் சாயம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. வெளிப்பக்கம் எப்படிப் போனாலும் போகட்டும், உள்ளே அப்பச்சி கண்ட கடை அப்படியே இருக்க வேண்டும் என்று செட்டியார் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். தேக்கு அலமாரியில் ஒரு கீறல் விழுந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. சுவர் மங்கியதும், பழையபடியே சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மறுபூச்சு பூசச் சொன்னார். நாலாயிரம் முட்டை தேவைப்பட்டது. சிங்கம்புணரிச் சந்தையில் அவ்வளவு அகப்படாததால், கொத்தனார் ஊர் ஊராகப் போய், அடைகாத்த கோழிகளைத் தள்ளிவிட்டு அடியில் இருந்ததையும் வாரிக்கொண்டு வந்தார். வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று. மஞ்சள் கரு வேலையாட்களுக்குக் குழம்பாயிற்று. அதை அதிகம் சாப்பிட்டவள், கூழாங்கல்லால் சுவரைத் தேய்த்து மெருகேற்றிய சித்தாள் ஒச்சம்மாள். அவள் அப்போது ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி.

பூசிய இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வந்தன. மஞ்சள் சேராததால் அலகு, கால், கண் எல்லாமே சுண்ணாம்பு வெள்ளை, பார்வையும் கிடையாது. ஆனாலும் நேராக ஒச்சம்மாளின் காலடிக்கு ஓடி, அவள் வயிற்றுப் பக்கம் தலையைத் தூக்கிக் கத்தின. செட்டியார் குஞ்சுகளைப் பார்க்கவில்லை, சுவரில் விழுந்த பதினேழு ஓட்டைகளைத்தான் பார்த்தார். கொல்லையில் வைத்துக் கழுத்தைத் திருகச் சொன்னார். அதன்பின் தினமும் சுவரில் எங்காவது தட்டும் சத்தம் கேட்டது. யார் கைக்கும் அடங்காதது, ஒச்சம்மாள் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அடங்கியது. அதற்கென்றே செட்டியார் அவளைக் கடையில் வேலைக்கு நிறுத்திக்கொண்டார். அடங்குவது என்றால் துடிப்பு நிற்பது. ஒவ்வொன்றும் கைக்குக் கீழே நிற்பதை அவள் அறிந்தாள். வீட்டுக்குப் போய்க் கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள்.

தை மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்தழகு என்று பேர் வைத்தார்கள். மஞ்சள் பூசாமலே அதன் உடம்பு மஞ்சளாக இருந்தது. முதல் நாள் கடைக்குத் தூக்கி வந்தபோது சுவர் முழுக்க ஒரே நேரத்தில் தட்டியது. அலமாரி அதிர்ந்து மூன்று தட்டு உடைந்தது. குழந்தையை வீதிக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று செட்டியார் சொல்லிவிட்டார். மதியம் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்து வந்தாள். சத்தம் கூடக்கூட அதையும் நிறுத்தினார். பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, சேலை நனைய நனைய நின்றாள். செட்டியாரைக் கொடுமைக்காரர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. இளையாத்தங்குடிக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவர், ஏகாதசி தவறாதவர். கேட்கிறவர்களுக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அடுத்த வருஷம் பங்குனியில் குழந்தைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஒச்சம்மாளின் புருஷன் மருது கடைப்படியில் வந்து நின்றான்.

"ஐயா, புள்ளைக்குக் கண்ணு சொருகுது. ஆத்தாவ ஒருக்கா அனுப்பி வையிங்க. நீக நெனச்சா ஆகும்."

அன்று சுவரில் ஐந்து இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. செட்டியார் குரலை உயர்த்தவில்லை.

"புள்ள இன்னொண்ணு பொறக்கும் மருது. அப்பச்சி செவரு பொறக்குமா?"

கதவைச் சாத்தித் தாழ்போட்டார்கள். ஒச்சம்மாள் உள்ளிருந்து கதவில் மோதினாள், கும்பிட்டாள், மண்ணை வாரித் தூற்ற அங்கே மண் இல்லாததால் சுண்ணாம்பை வாரித் தூற்றினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவர் ஒரேயடியாக ஓய்ந்தது. ஓர் இடத்திலும் சத்தமில்லை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செட்டியார் முகம் மலர்ந்து, இனி இவள் போகலாம் என்று கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

குழந்தை போன பதினாறாம் நாள் செட்டியார் அவளைக் கூப்பிட்டு ஒரு கண்டாங்கிச் சேலை கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுவரில் முழங்கால் உயரத்தில் தட்டியது. ஒரே ஒரு இடம். கையை வைத்துப் பார்த்தாள். அலகு கொத்துகிற தட்டு இல்லை. விரலை மடக்கித் தட்டுகிற தட்டு. காய்ச்சல் சூடு கூட அப்படியே இருந்தது. அழுத்தினால் நின்றுவிடும். எடுத்தால் வெள்ளைக் கண்ணோடு வெளியே வந்து விழும், கொல்லைக்குக் கொண்டுபோவார்கள். அழுத்தாமலும் எடுக்காமலும் கையை வைத்தபடி உட்கார்ந்தாள்.

"என்ன, அமுக்கிட்டியா?" என்றார் செட்டியார்.

"அமுக்குறேன் ஐயா. கொஞ்சம் பிடிவாதக்காரியா இருக்கு."

செட்டியாருக்குப் புரிந்திருக்கலாம். ஓட்டை விழாதவரை அவருக்கென்ன. மருது தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிப் போனான். செட்டியார் காலமாகி, மகன் கடைக்கு வந்தார். அவரும் உள்ளே ஒன்றையும் மாற்றவில்லை. 1934இல் வெளியூர்க்காரர்கள் அந்தச் சுவரைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள், அதன் மெருகில் முகம் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள், இப்படியொரு பூச்சு எங்கும் இல்லை என்றார்கள். பீங்கான் வாங்க வருகிறவர்கள் ஒச்சம்மாளைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்கும். அது பசிக்குத் தட்டுகிற நேரம் மதியம் என்பது கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும்.