பாதி ஷட்டர்

எறும்பு இறந்துபோன செய்தியோடு அவனுடைய மகள் பெயிண்டுக் கடை வாசலில் வந்து நின்றபோது, தலைவர் தம் வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு நீலங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார். தன் எடையைப்போல இரண்டு மடங்கு மூட்டை சுமப்பவன் என்பதால் அவன் எறும்பு. இருபத்தெட்டு வருடமாக வணிகர் சங்கத் தலைவர் என்பதால் இவர் தலைவர். இருவருடைய சொந்தப் பெயரும் கடைவீதியில் யாருக்கும் நினைவில்லை.

"பதினோரு மணிக்கு இந்த வழியாத்தான் எடுத்துட்டுப் போறோம், ஐயா. அஞ்சு நிமிஷம் பாதி ஷட்டர் போடச் சொல்லுவீங்களா? வேற ஒண்ணும் வேண்டாம்."

சங்கத்து உறுப்பினர் இறந்தால், உடல் கடந்துபோகும் வரை எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கும். உறுப்பினருக்கு மட்டும்தான். அந்த விதியை எழுதியவரே தலைவர். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தன் சம்பந்தியின் சித்தப்பாவுக்கெல்லாம் ஷட்டரை இறக்கச் சொல்வார்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினார். எழுதியதோடு விட்டாரா? நான்கு வருடத்துக்கு முன் அவருடைய மனைவியின் உடல் இதே வீதியில் போனது. சங்கச் செயலாளர் காதோடு வந்து, ஷட்டரை இறக்கச் சொல்லலாமா என்று கேட்டார். "அவ மெம்பர் இல்லையே" என்றார் தலைவர். கடைகள் வழக்கம்போல் திறந்து கிடந்தன. பழச்சாற்றுக் கடையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. என்ன நேர்மை என்று ஊரே மெச்சியது. மகன் மட்டும் அன்றோடு 'அப்பா' என்பதை விட்டுவிட்டான். கடையில் மற்றவர்களைப்போல அவனுக்கும் அவர் 'தலைவரே'தான்.

"அவன் மெம்பர் இல்லையேம்மா" என்று வாய் தானாகவே ஆரம்பித்தது. உள்ளே பெயிண்டு கலக்கிக்கொண்டிருந்த மகனின் கை நின்றது.

மனைவியின் உடல் போன அன்றைக்கு வீதியில் ஒரே ஒருவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். வழியை மறிக்காதே என்று எவனோ அவனை ஏசினான். தலைவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே நடந்தார். இன்றைக்குச் சரி என்று சொன்னால், அன்றைக்குச் செய்தது தப்பு என்றாகிவிடும். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

"நீ போம்மா. பதினோரு மணிதானே" என்றார்.

மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்து, கொக்கியை மாட்டி ஷட்டரைத் தாமே இழுத்தார். அது கிறீச்சிட்டுக்கொண்டு பாதியில் நின்றது. அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கடை, பக்கத்துக்கடை என்று வரிசையாக இறங்கத் தொடங்கின. மிக்சி நின்றது.

"யாரு தலைவரே, நம்ம மெம்பரா?" ஜவுளிக்கடைக்காரர் கேட்டார்.

"இல்ல" என்றார் தலைவர்.

வண்டி வந்தது, போனது. ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொரு கடையாக ஷட்டர் ஏறியது. வியாபாரம் கூவ ஆரம்பித்தது. தலைவர் கொக்கியை விடாமல் நின்றார். இறக்கிய ஷட்டருக்குக் கீழே, நீலம் தெறித்த இரண்டு கால்கள் உள்ளிருந்து மெல்ல நடந்து வந்து, அவருக்கு நேரெதிரே நின்றன.