இறந்தோருக்கான கச்சேரி

அழகரத்தினத்தின் பாடகர் குழு மட்டக்களப்பு மண்டபத்தில் இறந்தோருக்கான இலத்தீன் பூசைப் பாடல்களைப் பாடி முடித்தது. பாடியவர்களுக்கே விளங்காத மொழி என்பதால் சபை வாய் திறக்காமல் இருந்தது. அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார் அழகரத்தினம். முன்வரிசையில் தூதரகத்து வெள்ளைக்காரர். அவர் மனம் வைத்தால் குழு ஐரோப்பா போகலாம்.

கதிரைகளை நிரப்ப, போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மாரைக் கொக்கட்டிச்சோலையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து, ஆளுக்கொரு மெழுகுதிரியும் கொளுத்திக் கொடுத்திருந்தார்கள். இனி ஒரு தாய் மைக்கில் அழுது நன்றி சொன்னால் காரியம் முடிந்தது.

“எப்படியம்மா இருந்தது?” என்று அந்தத் தாய்மாரில் ஒருத்தியான மங்கையற்கரசியிடம் அழகரத்தினம் மைக்கை நீட்டினார்.

“பாட்டு நல்லம் தம்பி. ஆருக்குப் பாடின?”

“செத்துப்போன உங்கட பிள்ளையளுக்குத்தான்.”

“என்ட மகன் செத்தானெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன? பிடிச்சிட்டுப் போனவனே இன்னும் சொல்லல்ல. நான் ஒரு திவசமும் குடுக்காம இருக்கன். தெரிஞ்சா, எங்க புதைச்சவங்களெண்டும் சொல்லுங்க.”

அவள் மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். பக்கத்திலிருந்த தாய்மாரும் ஒவ்வொருவராக ஊதினார்கள்.

தமிழ் தெரியாத வெள்ளைக்காரர் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து, கண் கலங்க எழும்பிக் கைதட்டினார். அவர் தட்டியதால், தமிழ் தெரிந்த மண்டபமும் எழும்பித் தட்டியது. மங்கையற்கரசி மைக்கில் இன்னும் “எங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அழகரத்தினம் சபையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.