வலது ஓரத்தில் மூன்று வினாடி

அழகையாவுக்கு நாற்பத்தைந்து வருடமாக ஒரே ஒரு பெருமைதான். ‘வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை’ படத்தில், பேராதனைப் பூந்தோட்டத்தில் எடுத்த பாட்டில், கதாநாயகிக்குப் பக்கத்தில் அவர் நின்றிருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தோரணையாக. பதினெட்டு வயதில் ஹந்தானை மலையிலிருந்து இறங்கி ஷூட்டிங் பார்க்கப் போனவரை டைரக்டரே பார்த்து, “தம்பி, நீ வந்து இங்க நில்லு” என்றாராம்.

இதை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். கேட்கிறவருக்குப் பஸ் போய்விட்டாலும் கவலைப்பட மாட்டார். எப்போதாவது அந்தப் படம் டீவியில் வரும். பாட்டும் வரும். அழகையா மட்டும் வர மாட்டார்.

“ஓரத்த வெட்டிட்டானுங்க,” என்பார். “தியேட்டர்ல அகலமா காட்டுனப்ப நான் இருந்தேன். மூணு தடவ பாத்தேன்.”

“ஆமா, நீங்க உள்ள இருந்தீங்க, கதாநாயகன்தான் வெளிய நின்னாரு,” என்பாள் அவர் மனைவி கமலம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. புருஷனைக் கிண்டல் பண்ணும் பாக்கியம் தினமும் கிடைத்தது.

வீட்டுக்குள் இருந்தவரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மகள் சஞ்சீவனியைப் பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் கணபதியின் மகன் துஷாந்துக்குப் பேசி முடித்தபோதுதான் வினை வந்தது. நிச்சயம் பண்ணிய அன்றே அழகையா கதையை அவிழ்த்துவிட்டார். கணபதி நல்ல மனிதர். ஆனால் கேலி செய்ய ஓர் ஆள் அகப்பட்டால் பேரப்பிள்ளை காலம்வரை விடமாட்டார்.

“அப்ப நம்ம சம்பந்தி நடிகரா? இனி டிக்கட் எடுத்துத்தான் பாக்க வரணும் போல,” என்று சபை நடுவே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அழகையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“வாற ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. படத்த டீவில போட்டே காட்டுறேன்!”

டிஸ்க் வாங்கக் கமலமே சனிக்கிழமை கண்டி டவுனுக்குப் புறப்பட்டாள். அவரை அனுப்பினால் எதையாவது அரைகுறையாகப் பொறுக்கி வந்து, இதிலும் ஓரம் இல்லை என்பார். இருப்பதிலேயே முழுசானதை வாங்க வேண்டும். கடையிலேயே போட்டுப் பார்த்து, இந்தப் புளுகுக்கு இன்றோடு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

மடவளையிலிருந்து வந்து கடை நடத்தும் அரூஸ் முன்பு படம் மட்டும்தான் விற்றான். இப்போது முக்கால் கடை ஃபோன் கவர். படத்தின் பெயரைச் சொன்னதும் ஃபோன் கவரையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் வந்து படம் கேட்ட சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

“இது ரெண்டு சீடி அக்கா. மழைக்குள்ள நிண்டு பாக்குற மாதிரி இரிக்கும். இது பழைய டீவீடி. டீவி நெறைய படம் வரும், ஆனா ரெண்டு ஓரமும் வெட்டுப்பட்டிரிக்கி. இது புதுசு. ஃபிலிம கழுவித் தொடச்சு எடுத்தது. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி வரும், ஆனா தியேட்டர்ல கண்ட அகலம் அப்பிடியே இரிக்கி.”

“அந்தக் கறுப்புப் பட்டிக்குப் பின்னால ஆளு யாரும் மறைஞ்சிருக்க மாட்டாங்களே தம்பி?”

“அல்லாவே! அது வெறும் கறுப்பு அக்கா.”

“அப்ப புதுசப் போடுங்க. அந்தத் தோட்டத்துப் பாட்டு.”

அரூஸ் கடை டீவியில் போட்டான். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், நடுவில் பாதை, கதாநாயகி குடையைச் சுழற்றிக்கொண்டு ஓடி வருகிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு குருவி கூட இல்லை. கமலம் வெற்றிச் சிரிப்போடு பையைத் தூக்கினாள். அப்போது வலது ஓரத்தில் ஏதோ மஞ்சளாக அசைந்தது.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத் தடுக்க அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் அந்தக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். நிமிர்ந்து கெமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஒரு பொலிஸ்காரர் ஓடிவந்து, சட்டைக் கொலரைப் பிடித்து, பரபரவென்று அவனை வெளியே இழுத்துப் போனார். ஒரு செருப்பு மட்டும் புல்லில் கிடந்தது. மூன்று வினாடிதான்.

காது இரண்டும் அழகையாவின் காது. சிரிப்பும் அவருடையதேதான்.

கமலம் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மறுபடி போடுங்க தம்பி.” வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். “இன்னொரு வாட்டி.” கண்ணில் தண்ணீர் வந்தது. நான்காம் தடவை சிரிப்பு வரவில்லை. கொலர் பிடியில் போகும்போதும் அந்தப் பையன் தலையைத் திருப்பி இன்னும் சிரித்துக்கொண்டே போனதை அப்போதுதான் கவனித்தாள். இந்தப் பையனை அவளுக்குத் தெரியாது. அவள் கட்டிக்கொண்டது இருபத்தைந்து வயது ஆளை. அப்போதே வீட்டுப் பாரமெல்லாம் தலையில் ஏறி, ஃபெக்டரியிலிருந்து வந்தால் பேசவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அவள்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. மனுசன் அங்கே இருந்திருக்கிறார்! முப்பத்தெட்டு வருடம் அதைக்கூட நம்பவில்லையே.

சரி, இதை வாங்கிப் போனால்? கணபதி இந்த மூன்று வினாடியை முப்பது தடவை போடச் சொல்வார். கல்யாண மேடையில்கூட “பொலிஸ் புடிச்ச சம்பந்தி” என்பார். அந்த வீட்டில்தான் சஞ்சீவனி வாழப்போகிறாள். டீவி ரிப்பேர் என்று சமாளித்தால் அதற்கும் சிரிப்பார். பழைய டீவீடியில் ஓரம் இல்லை. ஓரம் இல்லாவிட்டால் ஆளும் இல்லை, பொலிஸும் இல்லை. அவர் வழக்கம்போல வெட்டிட்டானுங்க என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

“பழச குடுங்க தம்பி. ஓரம் வெட்டுனது.”

அரூஸ் வாயைப் பிளந்தான். “எல்லாரும் முழுசாத்தான் கேப்பாங்க. நீங்க மட்டுந்தான் அக்கா வெட்டினதக் கேக்குறீங்க!”

ஞாயிற்றுக்கிழமை கணபதி, மனைவி, மகன் மூவரும் வந்தார்கள். கோழிக்கறி சாப்பிட்டு எல்லோரும் டீவிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தது. அழகையா எழுந்தே நின்றுவிட்டார்.

“இந்தா, இப்ப… இப்ப பாருங்க…”

குடை சுழன்றது, கதாநாயகி ஓடினாள், பாட்டு முடிந்தது.

“எங்க சம்பந்தி, மரத்துக்குப் பின்னாலயா நின்னீங்க?” என்றார் கணபதி. மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

“ஓரத்த வெட்டிட்டானுங்க,” என்றார் அழகையா. வழக்கமான பதில்தான், ஆனால் இந்த முறை அது அவருக்கே போதவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். அடுத்து கமலம்தான் ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கமலத்துக்குத் தாங்கவில்லை.

“அவரு இருக்காரு,” என்றாள். “நேத்துக் கடையில பெரிய டீவீடியப் போட்டு என் கண்ணாலயே பாத்தேன். வலது பக்கம், மஞ்சச் சட்ட. இதுல நெசமாவே ஓரத்த வெட்டியிருக்கு.”

கணபதியின் சிரிப்பு நின்றது. புருஷனை ஊர் முன்னால் வாருகிறவளே சாட்சி சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? “சம்பந்தியம்மாவே சொன்னா அது சரிதான். அப்ப அந்தப் பெருசயே வாங்கிப் பாப்போமே!”

“வித்துப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, நான் நிக்கிறப்பவே யாரோ வாங்கிட்டாங்க.” கமலம் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இவ்வளவு சரளமாக எதுவும் வந்ததில்லை.

அழகையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வருடமாக அவர் எல்லோரிடமும் சொன்னது வெள்ளைச் சட்டை.

விருந்தாளிகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் நேரே குசினிக்குப் போனார். கமலம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று, துணியை எடுத்து, ஒரு கோப்பையைத் தேவைக்கு அதிகமாகவே துடைத்தார்.

“அந்தப் பெரிய படத்துல,” என்றார், “பொலிஸ்காரனும் தெரியிறானா?”

“எந்தப் பொலிஸ்காரன்? நான் ஒங்களத்தான் பாத்தேன்.”

அழகையா இன்னொரு கோப்பையை எடுத்தார். அதையும் துடைத்து வைத்தார்.

“அடுத்த சனிக்கிழம போறப்ப அதையும் வாங்கிட்டு வா புள்ள.”

“அதுதான் வித்துப் போச்சுன்னு சொன்னேனே.”

“விக்கலன்னு எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “வாங்கிட்டு வா. நாம ரெண்டு பேரு மட்டும் ஒக்காந்து சிரிப்போம்.”