சித்தி சொல்லச் சொன்னது

கோழி வறுக்கையில் கொதிக்கும் எண்ணெய் நோமினின் கையில் கொட்டிவிட்டது. மங்கோலியாவிலிருந்து தென்கொரியாவின் தேகு நகருக்குப் படிக்க வந்தவள், மாலையில் அரசு அனுமதியோடு ஒரு கோழி வறுவல் கடையில் வேலை செய்தாள். கடைக்காரி போக்சுனைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். நோமினின் பிறந்தநாளன்று அந்த ஊர் வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தவள் அவள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போக்சுன் காதோடு சொன்னாள்: "வீட்டுல சமைக்கும்போது சுட்டுக்கிட்டேன்னு சொல்லிடு. கடைன்னு சொன்னா உன்னை நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க."

நோமின் பயந்துபோய் அப்படியே சொன்னாள். கட்டுப் போட்ட நர்ஸ் நம்பவில்லை. "வேலையில பட்டதாம்மா? படிக்க வந்தவங்களுக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. அதுக்காக யாரும் உன்னை அனுப்ப மாட்டாங்க."

நோமினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சித்தி, இது உங்களுக்குத் தெரியும்தானே?"

"கடை மேல செலவு வருமேன்னுதான்..." என்று போக்சுன் தலையைக் குனிந்துகொண்டாள். நோமின் நர்ஸிடம் திரும்பி, "கடையிலதான் பட்டுச்சு" என்றாள்.