கரண்ட் சேர் போட்ட வயர்

மனைவி நேசமலர் செத்துத் தொண்ணூற்றிரண்டாம் நாள் நமசிவாயம் ஒரு எலெக்ட்ரீசியனை வீட்டுக்குக் கூப்பிட்டார். வெள்ளவத்தையில் பாதிப் பேர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். முப்பத்து நான்கு வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூஷன் கொடுத்த மனிதர். காலி வீதியில் இறங்கி 'கரண்ட் சேர்' வீடு எதுவென்று கேட்டால் பஸ் நிற்கிற இடத்திலேயே கைகாட்டி விடுவார்கள். ஃபேன் நின்றாலும் ஃபியூஸ் போனாலும் தன் வீட்டில் இன்னொருவன் கை வைக்க அவர் விட்டதில்லை.

தெமட்டகொடையிலிருந்து வந்த ஸப்வானுக்கு இந்தப் பெருமை ஒன்றும் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சேர் பிரச்சின?" என்றான்.

"மொட்டைமாடியில ஒரு ஹொட் டப் இருக்கு. பிளக்கைப் போட்டா வீடு முழுக்க ட்ரிப் ஆகுது. அதின்ர லைட்டும் வராது."

வகுப்பில் கேள்வி வாசிக்கிற குரலில் சொன்னார். மூன்று மாதமாக எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் சொல்கிறார். செத்த வீட்டில் மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழ, இவர் கதிரை போதுமா என்று எண்ணிக்கொண்டு நின்றார். முப்பத்தோராம் நாள் விருந்தில் மூன்று வடை தின்றார். கல்நெஞ்சுக்காரன் என்று மச்சாள், அதாவது நேசமலரின் தங்கை, குசினிக்குள் சொன்னது அவருடைய காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் வரவில்லை. அதுவரை குசினியைப் பார்த்த மச்சாள் போன பிறகு தேடினால் கேத்திலைக் காணவில்லை; அவள்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தார். அன்றிலிருந்து சட்டியில்தான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது.

அழுகை வராமலில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி வழியை மறித்துக்கொண்டு நின்றது.

நேசமலரின் முழங்கால் நோவுக்கென்று மெல்பேர்னில் இருக்கிற மகள் மிதுனா அனுப்பிய சுடுதண்ணித் தொட்டி அது. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு போட்டவுடனே ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. வேறு யாராவது என்றால் ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். கரண்ட் சேர் கூப்பிடுவாரா? கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்ற விழுகிற அந்த ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்துவிட்டு, மெயினிலிருந்து நேரே தொட்டிக்கு ஒரு வயர் இழுத்தார். அரை மணித்தியால வேலை. இதையே ஒரு மாணவன் விடைத்தாளில் வரைந்திருந்தால் முட்டை போட்டிருப்பார். ஆனால் அன்று பம்ப் ஓடியது, லைட் எரிந்தது. மிதுனாவுக்கு வீடியோவில் காட்டினார், பழைய மாணவர்களுக்குச் சொன்னார். நேசமலரும் பக்கத்தில் நின்று, "ஓம் பிள்ளை, நல்ல சூடு" என்று சொன்னாள்.

ஏழு கிழமை கழித்து ஒரு பின்னேரம், ஒன்லைன் வகுப்பு முடிந்து மேலே போனவர், அவள் தொட்டிக்குள் ஒரு பக்கம் சரிந்து கிடக்கக் கண்டார். அவர் அவளைத் தொடவில்லை. முதலில் ஓடியது கீழே மெயின் சுவிச்சை நிறுத்தத்தான். பக்கத்து ஃபிளாட்காரர் இரண்டு பேர்தான் அவளைத் தூக்கி வெளியே எடுத்தார்கள்.

இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இளம் டொக்டர் ஒருவர், "அண்மையில பாரம் தூக்கிறது, படி ஏறி இறங்கிறது ஏதும் கூடுதலா இருந்ததா?" என்று கேட்டார். "இல்லை டொக்டர். பின்னேரம் ஒருக்கா மேல போவா, சுடுதண்ணிக்குள்ள இருப்பா. அவ்வளவுதான்" என்றார் இவர். எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, ஒருவர் கண்ணிலும் படாமல் அந்த வயரைக் கழற்றிப் பழையபடி மாட்டினார். யாரும் கேட்கவில்லை.

இதயமா, என்ர வயரா? மீற்றரை எடுத்துக்கொண்டு மூன்று தரம் மாடிப்படி ஏறினார். மூன்று தரமும் கதவைத் திறக்காமலே இறங்கி வந்தார். கொன்றவன் அழுதால் அது நடிப்பு என்று அவருக்குப் பட்டது. அதனால் முதலில் தெரியவேண்டும்.

சோதிக்கவேண்டும் என்று ஸப்வான் தொட்டிக்குள் குழாய்த் தண்ணீர் விட்டான். பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு சாமானாக வயரை விடுவித்துக் கரண்டைப் போட்டுப் பார்த்தான். பம்பைக் கழற்றினான், ட்ரிப் ஆகியது. லைட்டைக் கழற்றி மாட்டினான், ட்ரிப் ஆகியது. ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றினான். சுவிச் விழவில்லை. தண்ணீருக்கடியில் நீல லைட் எரிந்தது.

"ஹீட்டர்தான் சேர். கம்பி வெடிச்சி. இதுட ஃபியூஸும் எரிஞ்சி போயிரிக்கி."

"அப்ப தண்ணிக்குள்ள..." நமசிவாயம் எட்டித் தண்ணீரைப் பார்த்தார். "தண்ணிக்குள்ள கரண்ட் வந்திருக்குமோ?"

"ஃபியூஸ் போன பொறகு ஹீட்டருக்குக் கரண்டே வராதே. மத்த நியூட்ரல் வயர் எர்த்துல படுறதாலதான் சுவிச் இன்னும் விழுது. வேற எதுலயும் லீக் இல்ல, எல்லாத்தையும் பாத்தேன். யாருக்கும் ஒண்டும் ஆயிருக்காது."

"ஃபியூஸ் எப்ப போனதெண்டு தெரியுமோ?"

ஸப்வான் லைட்டைக் காட்டினான். மூன்று தரம் மினுங்கி, நின்று, மறுபடியும் மூன்று தரம் மினுங்கியது. "ஹீட்டர் வேல செய்யல்லண்டா இப்பிடித்தான் காட்டும். புத்தகத்துல போட்டிரிக்கி. இது மினுங்கத் தொடங்கின நாள்தான்."

அந்த நாளை நமசிவாயம் மறக்கவில்லை. வயர் இழுத்த அன்றைக்கே நேசமலர் கேட்டாள், "ஏனப்பா இந்த லைட் விட்டு விட்டு எரியுது?" அவர் புத்தகத்தைப் பிரித்தும் பார்க்கவில்லை. "அது டிசைன்" என்றார். அவள் பிறகு கேட்கவில்லை.

ஆக, அவருடைய வயர் கொல்லவில்லை. மூன்று மாதமாகச் சுமந்த கல்லை யாரோ வாங்கி இறக்கி வைத்தார்கள். ஒரு நிமிடம் அவருக்கு மூச்சு நன்றாக வந்தது.

"சேர், இந்த மரப்படியக் கொஞ்சம் நகத்தணும்" என்று ஸப்வான் தொட்டிக்குள் இறங்கும் படியை இழுத்தான். "இதுக்குக் கீழ ஒரு கேத்தில் கெடக்கே. ஒங்கடயா?"

அவர்களுடையதுதான். அன்று தூக்க வந்தவர்களின் கால் பட்டு உள்ளே போயிருக்கவேண்டும். நமசிவாயம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வகுப்பு நடக்கும்போது நேசமலர் பின்னால் கேத்திலோடு போவாள், வெறுங்கேத்திலோடு வருவாள், திரும்பவும் போவாள். ஒருநாள் முழு வகுப்புக்கும் கேட்க, "எத்தனை தேத்தண்ணியப்பா குடிப்பாய்?" என்று பகிடி விட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கரண்ட் சேருக்குக் கரண்ட் வேலை பிழைத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கையைத் தண்ணீருக்குள் விட்டார். குளிர்ந்தது. மூளை தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. தொட்டி தொள்ளாயிரம் லீற்றர், கேத்தில் ஒன்றரை லீற்றர். ஒரு தரம் ஊற்றினால் பத்தில் ஒரு பாகைதான் ஏறும். மூன்று தரம் கொண்டுவந்தாலும் அரைப் பாகைகூட இல்லை. முழங்காலில் மட்டும் படும்படி ஊற்றியிருப்பாள். அதற்காக அந்த முழங்காலோடு, கொதிதண்ணியோடு, ஒவ்வொரு தரமும் இருபத்திரண்டு படி.

"புது ஹீட்டர் ஒண்டு போட்டாச் சரி, சேர். போடவா?" என்றான் ஸப்வான். திரும்பிப் பார்த்தவன் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தான். கேத்திலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"டொக்டர் கேட்டவர் தம்பி," என்றார். "படி ஏறி இறங்கினவவோ எண்டு கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான்."