நடுச்சுவரில் ஒரு வெடிப்பு

காலையில் எழுந்ததும் ஸெய்னுதீன் முதலில் போவது அலுமாரிக்குப் பின்னால்தான். கயிறும் வலையும் விற்கிற வியாபாரி அவர். திருகோணமலைத் துறைமுகத்தில் அவரோடு பேரம் பேசி வென்றவர் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் சொந்த வீட்டிலேயே கள்ளனைப் போல, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் தலையை நீட்டி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். நேற்று விரல் நுனி மட்டும் நுழைந்த வெடிப்பில் இன்று முழு விரலும் நுழைந்தது. கீழே கொட்டிக் கிடந்த சுண்ணாம்புத் தூளை மனைவி சுபைதா வருவதற்குள் துடைத்தெடுத்தார்.

அது ஒல்லாந்தர் காலத்துச் சதுக்கம். நடுவில் பொதுக் கிணறு. நாலு பக்கமும் அதைப் பார்த்தபடி வீட்டு வரிசைகள். கடலில் எடுத்த முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள். பிறகு வெள்ளைக்காரக் கடற்படையின் கிளாக்கர்மார் அங்கே குடியிருந்தார்கள். கடற்படை கப்பலேறிய பின் ஊர்ச்சனம் வாங்கிக்கொண்டது. ஒரு வரிசைக்கு ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. நடுச்சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் பக்கத்தில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொள்வார்கள். கைக்கு அதிர்வு கூடினால் குரல் கொடுப்பார்கள், அடிக்கிறவர் நிறுத்திவிடுவார்.

ஸெய்னுதீன் யாருக்கும் சொல்லவில்லை. சரக்கு வைக்க இடம் போதாதென்று, பக்கத்து வீட்டு இராசையா குடும்பம் சாம்பல்தீவுக்குக் கலியாணத்துக்குப் போன நாளாகப் பார்த்து, சுவரின் அடியைப் பாதித் தடிப்புக்குக் குடைந்துவிட்டார். நகரசபையிலிருந்து கட்டட வேலையைப் பார்வையிட வந்த ஓவர்சியர், "கூரை தாங்கிற சுவரல்லோ, இது ஏலாது" என்று தலையாட்டினார். உப்புவெளியில் மீன்பிடிக்கும் ஓவர்சியரின் மைத்துனருக்கென்று ஒரு புது நைலோன் வலை அவருடைய சைக்கிள் கரியரில் ஏறியதும், ஏலாதது ஏலுமாகிவிட்டது.

மாரி மழை தொடங்கியதும் குடைந்த இடத்திலிருந்து வெடிப்பு மேலே ஏறியது. அலுமாரியை நகர்த்தி அதை மறைத்தார். பயத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது? ஓட்டில் பூனை நடந்தாலே சோற்றுக் கை பாதியில் நின்றுவிடும். "என்ன யோசின?" என்று சுபைதா கேட்டால், "ஒண்டுமில்ல, வாய்வு" என்பார். பாவம், அவளும் தினமும் இஞ்சி அவித்துக் கொடுத்தாள்.

அன்று காலை இராசையாவின் மனைவி நல்லம்மா கற்கண்டுத் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, மகள் பிள்ளையோட ஆஸ்பத்திரியால வந்திட்டா. நடுச்சுவர் அறையிலதான் படுக்க விட்டனான். இந்த மழைக்கு அந்த ஒரு அறைதான் ஒழுகேல்ல."

ஸெய்னுதீன் குடையைக்கூட எடுக்காமல் ஓவர்சியர் வீட்டுக்கு ஓடினார்.

"சேர், ஆள் அனுப்பி முட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் பச்சப் புள்ள படுத்திருக்கு."

ஓவர்சியர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "எனக்கு ஒண்டும் தெரியாது, முதலாளி. பேசாம இருங்கோ. வாயைத் திறந்தால் முதல்ல மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுறது நீங்கள்தான்."

மறியல் என்ற சொல் வழியெல்லாம் அவரோடு கூடவே வந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். சதுக்கத்துக்குள் நுழைந்தபோது அந்த அறையில் குழந்தை அழுதது. தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இராசையாவின் வாசலில் போய் நின்றார்.

"இராசையா அண்ணன், எல்லாரும் வெளிய வாங்க. நடுச்சுவர் விழப்போகுது. நாந்தான் உங்களுக்குச் சொல்லாமக் குடைஞ்சனான்."

இராசையா அவரை ஒருமுறை பார்த்தார். ஏச நேரமில்லை. உள்ளே ஓடினார். தாயையும் பிள்ளையையும் எதிர்வரிசை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஸெய்னுதீன் சுபைதாவையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்கு முன்பே சுவர் அப்படியே அமர்ந்தது. இரண்டு வீட்டுக் கூரையும் அதன்மேல் இறங்கியது. நல்லம்மாவின் மகள் படுத்திருந்த கட்டில் கற்களுக்கு அடியில் எங்கே என்றே தெரியவில்லை.

மறுநாள் ஓவர்சியர் குடையோடு வந்து சேர்ந்தார். ஸெய்னுதீனை ஓரமாக அழைத்தார்.

"அடைமழையில பழஞ்சுவர் விழுந்திட்டுது எண்டு எழுதுவம். உங்களுக்கும் நட்டஈடு வரும், எனக்கும் கரைச்சலில்ல."

சதுக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. நல்லம்மா பேரப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தார். ஸெய்னுதீன் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"மழையில விழல்ல, சேர். நான் குடைஞ்சன், நீங்க வலைய வாங்கிட்டுக் கண்ண மூடினீங்க. அப்பிடியே எழுதுங்க, மறியலுக்கு நான் வாறன். லஞ்சம் எண்டா இதுதான். குடுத்த எனக்கு இடம் கிடைச்சிச்சு, எடுத்த உங்களுக்கு வலை கிடைச்சிச்சு. ஒண்டும் குடுக்காத, ஒண்டும் எடுக்காத அந்தப் புள்ளதான் சாகப் பாத்திச்சு."