கண்ணாடி இழையில் காலடிகள்

பவதாரணி எங்கள் உணவு மேசையில் மடிக்கணினியைத் திறந்தபோது காலை பத்து மணி. ராசிங்காபுரத்துப் பெண், லடாக்கின் பனியாறொன்றில் என் மகன் இனியவனோடு ஆய்வு செய்தவள். அவன் பனிப்பிளவில் விழுந்து இருபத்தொரு நாள்கள் ஆகிவிட்டன. உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாதவர்க்குத் தருப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைப்பது வழக்கம். அதை நாளைக்கே முடித்துவிடவேண்டும் என்று, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பூட்டிவிட்டுக் குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்திருந்தான் மைத்துனன் ஜக்கையன். என் மனைவி பொற்கொடி ஒப்பவில்லை.

“பெத்த புள்ளையப் புல்லாக் கொளுத்தச் சொல்றியாடா? எங்கிட்டாச்சும் ஒதுங்கி உக்காந்திருந்தா?”

“ஒதுங்குறதுக்கு அங்க என்ன பஸ்ஸ்டாண்டாக்கா இருக்கு?” என்றவன், உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

பனிக்குள் புதைத்த கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தினால், பனி விரிசலிடும் அதிர்வும், மேலே நடப்பவரின் காலடியும் பதிவாகும் என்று பவதாரணி விளக்கினாள். திரையில் சாய்வாகச் சென்ற புள்ளிகள் இனியவனின் நடை. அதன்பின் அகலமான கரும்பட்டை: பனி பிளந்த கணம்.

பொற்கொடி தேநீர் எடுக்க உள்ளே போனாள். பவதாரணி அடுத்த பகுதியைப் பெரிதாக்கினாள். ஒரே இடத்தில், சீரான இடைவெளியில் சிறு புள்ளிகள்.

“விழுந்தப்புறம் உள்ளயிருந்து தட்டியிருக்கான்ப்பா. நாப்பது நிமிசம்.”

“எப்பப் பாத்தீங்க?” என்றேன்.

“மூணு நாள் கழிச்சு.”

அவர்கள் தங்கியிருந்த கூடாரம் அங்கிருந்து பத்து நிமிட நடை. ஒவ்வோர் அடியையும் கேட்கும் கருவியைப் புதைத்தவர்கள், அதன் திரைமுன் ஓர் ஆளை உட்காரவைக்கவில்லை. பிறகு ஆராயலாம் என்று சேமித்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பொறுப்பின்மைக்கு விளக்கம் கேட்டு எழுதவேண்டும். எண்ணம் வந்தது, கோபம் வரவில்லை. மேசைவிரிப்பின் மடிப்பை நேராக்கினேன்.

தேநீரோடு வந்த பொற்கொடி நின்றபடியே கேட்டாள்: “ஒடனே போயிட்டானா?”

பவதாரணி என்னைப் பார்த்தாள்.

“ஒடனேதான்,” என்றேன். முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளைப் பொய்க்காகத் தண்டித்த வாத்தியார் நான். குரல் பிசகவில்லை.

“அப்ப நாளைக்கே வச்சிரு,” என்று தம்பியிடம் சொன்னாள்.

“வெரசா சோலியப் பாக்குறேன்க்கா.” அவன் வெளியேறினான்.

பொற்கொடி திரையின் முன் அமர்ந்தாள். “இது என்னம்மா, பொட்டுப் பொட்டா?”

“பனி உருகுறதும்மா.”

தலையசைத்தாள். முதற்புள்ளியில் விரலை வைத்தாள். பிறகு அடுத்ததில். ஒன்றையும் விடாமல் நகர்ந்த விரல் திரையின் ஓரத்தைத் தொட்டதும், படத்தை மேலே தள்ளச் சொல்லிப் பவதாரணியை நிமிர்ந்து பார்த்தாள்.